கயிற்றுப் பாலமும் கரண்ட்டக்காவும்

அந்த மலை நகரத்து மின்வாரிய அலுவலகத்தில் கம்பம் ஏறும் ஒரே பெண் அவர். ஊரே அவரைக் ‘கரண்ட்டக்கா’ என்றுதான் கூப்பிடும். கணவர் கடைத்தெருவில் பேக்கரி வைத்திருந்தார். மின்சாரம் போனால் ஊரார் அக்காவைத் திட்டுவதற்கு முன்பே அவர் திட்டி முடித்திருப்பார்.

மழை ஓய்ந்த ஒரு காலையில், காட்டுச் சாலையில் கம்பி பழுது என்று தகவல் வந்தது. அக்கா போய்ப் பார்த்தால், கம்பிக்கு அடியில் ஒரு தாய்க் குரங்கு செத்துக் கிடந்தது. அந்த மலைக்காடுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். அங்கும் கொஞ்சம்தான் மிச்சம். சாலைக்காக மரங்களை வெட்டியபின், அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் போக அவற்றுக்குக் கம்பிதான் வழி. கிளையில் கத்திக்கொண்டிருந்த குட்டியை இன்னொரு குரங்கு இழுத்து அணைத்துக்கொண்டது. 

அக்கா நேராகப் பொறியாளரிடம் போனார்.

“சார், அந்த இடத்துல மட்டும் வெறுங்கம்பியை எடுத்துட்டு உறை போட்ட கேபிள் இழுத்துடலாம்.”

“செய்யலாம்மா. ஆனா ஒரு பகல் முழுக்க ஊருக்கே கரண்ட் இருக்காதே?”

“ஏச்சு வாங்கறதுக்கு நான் இருக்கேன் சார்.”

வனத்துறையும் சேர்ந்துகொண்டது, பக்கத்திலேயே கயிற்றுப் பாலம் ஒன்று கட்டித் தருவதாகச் சொன்னது.

வீட்டில்தான் இடி இடித்தது. “நீ என்னைக் கட்டிக்கிட்டியா, குரங்கைக் கட்டிக்கிட்டியா?” என்றார் கணவர்.

“எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியலைங்க.”

கணவர் முறைக்கப் பார்த்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. வேலை நடந்த அன்று விடியற்காலையிலேயே அடுப்பை மூட்டி, மதியம் எல்லோருக்கும் பன் கொண்டுவந்தார்.

பாலம் பார்க்க அழகாக இருந்தது. குரங்குகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பழையபடி கம்பி இருந்த இடத்தில் இழுத்த புதுக் கேபிள் வழியாகவே போயின. வனத்துறை அதிகாரியின் முகம் தொங்கிப்போயிற்று.

“போகட்டும் சார், இனி பயமில்லையே. பாலத்துல அணிலாவது ஓடட்டும்” என்றார் அக்கா.

அதன்பின் அங்கே ஒரு குரங்கும் சாகவில்லை. அடுத்த கோடையில் கூட்டத்தில் புதுக் குட்டிகள் தெரிந்தன. அக்கா வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்ப்பார். அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனாலும் அவரை யாரும் காரணம் கேட்பதில்லை.