மூன்றாம் சிலிண்டரின் ரிங்

சிதம்பரம் புறவழிச்சாலை ஓரத்தில் மாலதி ஒர்க் ஷாப் நடத்தி வந்தாள். அவளிடம் எஞ்சின் வேலைக்கு விட்டால் ஒரு நாள் கூடுதலாகும் என்று டிரைவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனாலும் அங்கேதான் விடுவார்கள். பாலிடெக்னிக் முடித்தவள்; கடையிலிருந்து வந்த புது சாமானைக்கூட அளந்து பார்க்காமல் வண்டியில் பூட்டமாட்டாள்.

2009 ஜூனில் வாடகைக் கார் ஓட்டும் சடையப்பன் தன் அம்பாசடரை எஞ்சின் வேலைக்குக் கொண்டுவந்து விட்டார். அவர் மகள் ரேகாவுக்குக் கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். முதல் நாள் அவளைத் தன் காரில்தான் கொண்டுபோய் இறக்குவேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை மாலதி புது பிஸ்டன் ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் வைத்து, ரிங்கின் இரு முனைக்கும் நடுவே மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிரிக்காத பெட்டி. அதப் போயி அளந்துகிட்டு இருக்கியே. மாட்டிடு பாப்பா,” என்றார் சடையப்பன்.

“பொறுங்க மாமா, இன்னும் ரெண்டு சிலிண்டர்தான்.”

மூன்றாவதில் தகடு நுழையவே இல்லை. முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே கதைதான்.

“சூடானா இது விரிய எடமில்ல மாமா. சிலிண்டரயே கீறிடும். பாதி வழியில நின்னிருப்பீங்க.”

சடையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மாலதி ரிங் பெட்டியோடு கடலூர் பஸ் ஏறினாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் தில்லைநாதன் ஒப்புக்கொள்ளவில்லை.

“கம்பெனி பேக்கிங்கும்மா. ஒங்க சிலிண்டர்தான் தப்பா இருக்கும்.”

அவள் வாதாடவில்லை. அதே பெட்டியிலிருந்த சரியான ரிங்கின் மேல் முட்டிய ரிங்கை வைத்தாள். ஒரு நூல் அளவு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தில்லைநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். மறுநொடி போனைப் பிடித்தார்.

“காலையிலதான் இதே செட்டு ஒண்ணு பண்ருட்டிக்குப் போச்சும்மா!” என்று மாலதியிடம் சொன்னவர், அங்கிருந்த மெக்கானிக்கிடம் போனில் கத்தினார். “ஏம்ப்பா சின்னையா, மாட்டிட்டியா? மாட்டாத, மாட்டாத! மொதல்ல அளந்து பாரு!”

பிறகு இருவருமாகக் கடையிலிருந்த பெட்டிகளையெல்லாம் பிரித்துப் பார்த்தார்கள். இன்னொரு செட்டிலும் அதே கோளாறு இருந்தது. நல்ல செட்டோடு சூடான மசால்வடைப் பொட்டலத்தையும் கொடுத்து அனுப்பினார் தில்லைநாதன்.

ஞாயிறு மாலை எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. சடையப்பன் துண்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

“புது ரிங்கு படியிற வரைக்கும் கொஞ்ச நாளைக்கி வேகம் நாப்பதத் தாண்டக் கூடாது மாமா,” என்று எச்சரித்தாள் மாலதி.

திங்கட்கிழமை ஆறரைக்கே கிளம்பினார்கள். ரேகா விடாப்பிடியாக மாலதியையும் ஏற்றிக்கொண்டாள். பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும் முந்திப் போயின. மீன் கூடை கட்டிய மொபெட்டுகூட முந்தியது. சடையப்பன் எதையும் சட்டை செய்யவில்லை.

“போங்கப்பா, போங்க! எம் பொண்ணு வேலைக்கிப் போறா!” என்று சன்னல் வழியே எல்லாருக்கும் கையசைத்து வழிவிட்டுக்கொண்டே வந்தார். பின் சீட்டில் பெண்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.