பார்க்காமல் போட்ட டிக்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் தொற்றுத் தடுப்பு நர்ஸ். மற்ற நர்ஸ்கள் நோயாளிகளைக் கவனிப்பார்கள். அவர்கள் கை கழுவுகிறார்களா, தரை துடைக்கும் மருந்தை அளவோடு கலக்கிறார்களா என்று கவனிப்பது என் வேலை. நான் வார்டுக்குள் நுழைந்தால் பேச்சுச் சத்தம் குறையும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஐ.சி.யு.வில் துப்புரவு வேலை பார்த்த அக்கா, ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவர். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் வீடு. அதிகம் பேசமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வழியில் நிறுத்தினார். நோயாளிகளுக்கு ஊசி மருந்து கலக்கும் மேடையை ஒட்டிய சிங்கில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறதாம். குழாயைத் திறந்தால் மருந்து ட்ரே வரைக்கும் தெறிக்கிறதாம்.

"ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயிடுங்க சிஸ்டர்" என்றார்.

இருபதடி தூரம். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, விசேஷமும் இல்லை. அந்த வாரப் படிவத்தில் 'சிங்க்' என்ற கட்டத்தில் காலையிலேயே, பார்க்காமல், டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். போய்ப் பார்த்தால் அந்த டிக்கை அடித்துத் திருத்த வேண்டும், பராமரிப்பு ஆட்களைக் கூப்பிட வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும். ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் உட்கார இடம் கிடைக்காது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். திங்கட்கிழமை மறந்துபோனேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் லேப் டாக்டரம்மா போன் செய்தார். ஐ.சி.யு.வில் இரண்டு பேர் ரத்தத்தில் ஒரே கிருமி வளர்ந்திருக்கிறது, பெரும்பாலான மருந்துக்கு அடங்காத கிருமி என்றார். ஒருவர் தொட்டியத்திலிருந்து குடல் ஆபரேஷனுக்கு வந்த வாழை விவசாயி. இன்னொருவன் பைக் விபத்தில் அடிபட்ட கல்லூரி மாணவன்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எங்கள் மருத்துவமனையில் பாதி ஆள் இருக்காது. பெரிய டாக்டர் வெளியூரில் இருந்தார். இருந்தவர்களை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் தனி அறைக்கு மாற்றினோம். புதிதாக யாரையும் ஐ.சி.யு.வில் சேர்க்க வேண்டாம் என்றேன். கட்டில் கம்பி, மானிட்டர் பொத்தான், கதவுப்பிடி என்று எல்லாவற்றிலும் பஞ்சுக்குச்சியால் தடவிப் பரிசோதனைக்கு எடுத்தேன். நிர்வாக அதிகாரி பின்னாலேயே வந்து, எங்கிருந்து வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சிங்க் அப்போது என் நினைவுக்கு வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. போய்ப் பார்த்தேன். தண்ணீர் இறங்காமல் நின்றது. அந்தச் சிங்கை யாரும் தொட வேண்டாம், ட்ரேயை அங்கே வைக்க வேண்டாம் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்ட நர்ஸிடம், "சும்மா முன்னெச்சரிக்கைக்கு" என்றேன்.

அதிகாரி மறுபடியும் கேட்டார். துப்புரவு வண்டியில் இருந்த தரை துடைக்கும் மருந்து பாட்டிலில் அன்றைய தேதி எழுதியிருக்கவில்லை. அதைக் கையில் எடுத்தேன். "கலவை சரியில்ல சார், அளவு மாறியிருக்கு" என்றேன். நான் அளந்து பார்க்கவில்லை.

அக்கா அங்கேயே நின்றிருந்தார். "அளந்துதான் சிஸ்டர் ஊத்துனேன்" என்றார். சிங்கைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். சாயங்காலம் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் வந்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் பரிசோதனைக் குப்பிகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியாகச் சிங்கின் ஓட்டைக்குள்ளும் ஒரு பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தேன்.

ஞாயிறு காலை பாலக்கரை சர்ச்சில் பூசைக்குப் போனோம். நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்தபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. கணவர் திரும்பிப் பார்த்தார். தலை வலிக்கிறது என்றேன்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. சிங்கின் ஓட்டையில் அதே கிருமி. கூட்டம் போட்டார்கள். லேப் டாக்டரம்மா, நிர்வாக அதிகாரி, ஐ.சி.யு. தலைமை நர்ஸ், நான். சிங்கை மூடச் சொன்னதற்காக அதிகாரி என்னைப் பாராட்டினார். நான் எழுந்து, சிங்க் அடைப்பு பற்றிய தகவல், கிருமி தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே வந்திருந்தது என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்கு வந்துச்சு சிஸ்டர்?"

"எனக்குத்தான்."

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். பாட்டிலை அளந்து பார்க்காமலே பழி போட்டதையும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். அக்காவைத் திரும்பக் கூப்பிடும்படி ஒப்பந்தக்காரருக்குச் சொன்னார்கள்.

போனில் சொல்லி முடித்துவிட மனசு வரவில்லை. அன்று மாலையே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். அக்கா வாசலில் நின்று தண்ணீர்க் குடங்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு, "உள்ள வாங்க சிஸ்டர்" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். சிங்கிலிருந்துதான் வந்திருக்கிறது, உங்கள் மேல் தப்பே இல்லை, எனக்குத் தெரிந்தும் உங்கள் மேல் போட்டேன் என்று.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் அளவ மாத்தி ஊத்திட்டேனோன்னு மூணு நாளா யோசிச்சுட்டே இருக்கேன் சிஸ்டர். அந்தத் தொட்டியத்துக்காரருக்கு ஏதாவது ஆயிட்டா நாந்தானே பொறுப்புன்னு... நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்?"

அவர் என்னைப் பொய்க்காரி என்று நினைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் சொல்லை நம்பி, தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறார். விவசாயி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். காய்ச்சல் இறங்கியிருக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மறுவாரம் வேலைக்கு வந்தார். ஆனால் ஐ.சி.யு. வேண்டாம் என்று கேட்டு மாடியிலிருக்கும் பிரசவ வார்டுக்குப் போய்விட்டார். வழியில் பார்த்தால் சிரிப்பார். முன்பு போல நிறுத்தி எதுவும் சொல்வதில்லை.

மாணவன் முதலில் தேறினான். விவசாயி இன்னும் மூன்று வாரம் கிடந்து, எலும்பும் தோலுமாக வீட்டுக்குப் போனார். போகிற அன்று அவருடைய மனைவி என்னைத் தேடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு சொன்னாங்க. நல்லா இருங்கம்மா" என்றார்.

கூட்டத்தில் சொன்னதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நோயாளிகளிடம் இதையெல்லாம் பேசக் கூடாது என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அந்த உத்தரவு எனக்கு வசதியாகவும் இருந்தது. கார் வந்து நின்றது. விவசாயியை ஏற்றிவிடக் கை கொடுத்தேன்.