அருணகிரியும் தண்ணீர் ஒட்டாத சல்லடையும்

அருணகிரி கெட்டவன் இல்லை. ஆம்பூரில் ஷபீ அஹமதுவின் தோல் தொழிற்சாலையில் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். லீவு போட மாட்டான், யாரிடமும் கை நீட்ட மாட்டான். ஆனால் ஜெஸ்டன் பெயரைக் கேட்டால் மட்டும் அவனுக்கு வயிறு எரியும். வாணியம்பாடிக் கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்ச். வேதியியலில் அருணகிரிதான் வகுப்பிலேயே முதல். அப்பா இறந்ததும் இவன் வேலைக்கு வந்துவிட்டான். ஜெஸ்டன் சென்னைக்குப் போய் ஆராய்ச்சி மாணவன் ஆனான். தனக்கு வரவேண்டியதை அவன் தட்டிக்கொண்டு போய்விட்டதாகவே இவன் நினைத்தான். ஏதோ சென்னையில் ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருந்த மாதிரி!

2008-இல் அந்த ஜெஸ்டனே ஒரு சல்லடையோடு அதே தொழிற்சாலைக்கு வந்து நின்றான். மெல்லிய கம்பி வலை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை அதன்மேல் பூசியிருந்தான். ஆட்டுத்தோலின் கொழுப்பை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிய தண்ணீரை முதலாளி முன்னால் அதில் ஊற்றினான். தண்ணீர், சேப்பங்கிழங்கு இலையில் விழுந்ததுபோல உருண்டு ஓரமாக ஓடியது. எண்ணெய் மட்டும் வலைக்குள் இறங்கிக் கீழே சொட்டியது.

"மாஷா அல்லாஹ்! பாத்தியாபா அருணகிரி?" என்றார் ஷபீ அஹமது. "நீயும் இத்தினி வருஷமா பிளாஸ்டிக் மக்கு வெச்சி எண்ணெய மொண்டுக்கினு கீற."

அருணகிரி சிரித்து வைத்தான். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. கழிவுநீர் நிலையத்துக்கு மேனேஜர் போடப்போகிறார்கள், அது தனக்குத்தான் என்று வீட்டில் மனைவி பூங்குழலியிடம் சொல்லி வைத்திருந்தான். இப்போது இவன் எங்கிருந்து வந்தான்?

"நாளைக்கு ஜும்மா தொழுதுட்டு வர்றேன், தம்பி. பெரிய தொட்டியில வெச்சிக் காட்டுங்க" என்று முதலாளி கிளம்பினார்.

நாளை வெள்ளிக்கிழமை. ஆட்கள் தொழுகைக்குப் போகுமுன் தோல் பதனிடும் டிரம்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொட்டிக்குத் திறந்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். தோலை மிருதுவாக்கப் போடும் எண்ணெயும் அதில் வரும். அது மிதக்கும் எண்ணெய் இல்லை. சோப்புத் தண்ணீர் மாதிரி பால் நிறத்தில் கலந்தே இருக்கும். அது பட்டால் பூச்சு தண்ணீரைத் தடுக்காது. அருணகிரிக்கு இது உடனே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனான்.

"மச்சான், நீ இங்க இருக்கிறதாலதான்டா எனக்கு தைரியம்" என்று ஜெஸ்டன் தோளில் தட்டினான்.

தட்டிக்கொடுக்க இவன் யார்? அருணகிரி திறந்த வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் மதியம் தொட்டி முழுக்க நுரை. குழாயைத் திறந்ததும் வெள்ளைத் தண்ணீர் வலைக்குள் சடசடவென்று இறங்கியது. எண்ணெயும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு போயின. ஜெஸ்டன் முகம் செத்துவிட்டது. அதைப் பார்க்க அருணகிரிக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

ஜெஸ்டன் நுரையைத் தொட்டுப் பார்த்தான். "சோப்புத் தண்ணி மாதிரி இருக்கே சார். எல்லா டிரம்மும் தொறந்தாங்களா?"

"வெள்ளிக்கிழமைன்னா அப்படித்தான் தம்பி. அதுல இன்னா?"

"அது பட்டா இந்தப் பூச்சு நிக்காது சார்." ஜெஸ்டன் திரும்பினான். அவன் குரலில் கோபம்கூட இல்லை, குழப்பம்தான். "அருணா, நீதானடா கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டு. உனக்குத் தெரியாதா?"

முதலாளியும் அவனைப் பார்த்தார். தெரியும் என்றால், ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும்.

"தெரியாது" என்றான் அருணகிரி.

"தெரியாதா?" ஷபீ அஹமது தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு ஜெஸ்டனிடம் சொன்னார்: "திங்கக்கிழமை கொழுப்பு கழுவின தண்ணிய மட்டும் தனியா விடச் சொல்றேன், மறுபடி பாக்கலாம். அப்புறம் தம்பி, இங்க மேனேஜர் வேலைக்கு இவனைத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். கெமிஸ்ட்ரி தெரிஞ்ச ஆளு உங்ககிட்ட யாராச்சும் இருந்தா அனுப்புங்க."