அம்மா தைத்த டிரைவர் சீட்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், காலாண்டு லீவில், எங்கள் அம்மா ஒரு லாரி டிரைவர் சீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு உடையார்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். பக்கத்தில் நான் நின்றேன். முடிந்த அளவு தள்ளி நின்றேன் என்று சொல்வதுதான் சரி.

அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினார். சுரங்கத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து சுரங்கத்துக்கு; வழி நெடுகக் குண்டும் குழியும்தான். அந்த வருஷம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்தால் சற்று நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். செருப்பை மாட்டிவிட என்னைக் கூப்பிடுவார். எனக்கு அதில் பெருமை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனி வண்டி ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்றாராம். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு மறுநாள் வண்டிக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அம்மா வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரம்பலூரில் தையல் தெரிந்த பெண்களுக்குச் சோபா தைக்கவும் குஷன் வேலை செய்யவும் இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள் என்று மகளிர் குழுவில் யாரோ சொன்னார்கள். அம்மா உடனே பெயர் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் சோபா கிடையாது. எங்கள் தெருவிலேயே கிடையாது. யார் வீட்டுச் சோபாவைத் தைக்கப்போகிறாய் என்று அப்பா சிரித்தார்.

லீவு ஆனதால் நானும் கூடவே போனேன். தகரக் கூரை போட்ட நீளமான கூடம். உள்ளே நுழைந்ததுமே பசை நெடி மூக்கில் ஏறும். மாஸ்டர் அம்மாவைவிட வயதில் சின்னவர், கோயம்புத்தூரில் சோபாக் கம்பெனியில் இருந்தவர். அவர் அம்மாவை அக்கா என்பார், அம்மா அவரை சார் என்பாள். மரச்சட்டத்தில் பெல்ட்டை இழுத்து அடிப்பது, ஸ்பாஞ்ச் வெட்டுவது, மூலையில் சுருக்கம் விழாமல் ரெக்சினை இழுத்து மடிப்பது என்று எல்லாவற்றையும் அவர் செய்துகாட்ட, பெண்கள் திரும்பச் செய்ய வேண்டும். அம்மாவுக்கு முதலில் மூலை வரவில்லை. பிரித்தாள், மறுபடி இழுத்தாள். கட்டைவிரல் வீங்கிப்போய்ச் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள். ஒவ்வொரு பாடமும் முடியும்போது, லாரி சீட்டுக்கு இதை எப்படிச் செய்வது என்று அவரைக் கேட்பாள். மற்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒருநாள் மாஸ்டருக்கே பொறுமை போய்விட்டது.

"லாரி சீட்டெல்லாம் நம்ம பாடத்துல இல்லக்கா."

"கொண்டாந்து வச்சா பாடத்துல வந்துடும்ல சார்?"

கொண்டுவாங்க பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அவர் அதைப் பேச்சுக்குத்தான் சொன்னார்.

அந்த வாரம் அப்பாவின் லாரி எஞ்சின் வேலைக்காக ஷெட்டில் நின்றது. அம்மா நேராகப் போய் மெக்கானிக்கிடம் பேசி, போல்ட்டைக் கழற்றி, சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்படித்தான் நாங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார். லக்கேஜ் டிக்கெட் கொடுங்கள், இறங்க மாட்டேன் என்று அம்மா படியிலேயே நின்றாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஏற்றிக்கொண்டார்கள். அரியலூரில் கூட்டம் ஏறியதும், உட்கார இடமில்லாத பெரியவர் ஒருவர் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். பெரம்பலூரில் எழுந்தவர் இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

"இதுல உக்காந்து எவம்மா வண்டி ஓட்டுறான்?"

அதே பஸ்ஸில் என் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூடத்தில் எல்லோரும் சுற்றி நிற்க, மாஸ்டர் மேல் ரெக்சினைக் கிழித்தார். அடியில் ஸ்பிரிங்குகள் உடைந்து கம்பியால் கட்டப்பட்டிருந்தன. அதன்மேல் ஒரு சாக்கு. சாக்கின்மேல் நாலாக மடித்து வைத்த அம்மாவின் பச்சைச் சேலை. கொடியில் காயப்போட்டது காணாமல் போய்விட்டது என்று பக்கத்து வீட்டுக்காரியோடு அம்மா சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டது அந்தச் சேலைக்காகத்தான். அப்பா அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அந்தச் சண்டையைச் சமாதானம் செய்திருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. சேலையை எடுத்து உதறிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மாஸ்டரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

புதுச் சீட் பார்க்க அழகாக வந்தது. நல்ல மெத்தென்ற ஸ்பாஞ்ச், ஓரத்தில் உருட்டித் தைத்த சிவப்பு பைப்பிங். லாரி ஷெட்டிலிருந்து வெளியே வந்த அன்று அப்பா ஓட்டிவிட்டு வந்து, மெத்தையாட்டம் இருக்கு என்றார். ஆனால் மறுநாள் காலையில் அவர் சுவரை விட்டு நகரக் கூடுதல் நேரமானது. அம்மா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு உள்ளதைச் சொன்னார். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கலாம். அந்த மெத்து நாளெல்லாம் குலுங்குகிறவனுக்கு ஆகாது, உள்வாங்கிவிடும், பாரம் எல்லாம் முதுகுத்தண்டின் அடியில் உள்ள நடுவெலும்பில் இறங்கும். எங்கே கெட்டியாக இருக்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியவில்லை.

அம்மா அளவெடுக்காமல் ஜாக்கெட் தைத்தவள் இல்லை. எங்கள் தெருவில் வீடு கட்ட மணல் கொட்டியிருந்தார்கள். அதில் ஓர் ஓரத்தைச் சமமாக்கித் தண்ணீர் தெளித்து, அப்பாவை அழைத்து வந்தாள்.

"ஸ்டியரிங் புடிக்கிற மாதிரி உக்காருங்க."

"தெருவே பாக்குது புள்ள."

"பாக்கட்டும். அசையாம உக்காருங்க."

ஊர்வலத்துக்குத் தூக்கப்போகும் சாமி மாதிரி அப்பா மணலில் உட்கார்ந்தார். கையை வேறு முன்னால் நீட்டிக்கொண்டார். தெருப் பிள்ளைகள் ஹாரன் சத்தம் எழுப்பினோம், நானும்தான். அவர் எழுந்ததும் அம்மா டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்து, அந்தப் பள்ளத்தை இன்ச் இன்ச்சாக அளந்தாள். இடது பக்கம் ஆழமாகப் பதிந்திருந்தது. வலியை ஒரு பக்கமாகத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து பழகியிருக்கிறார் என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது. அன்றைக்குக் கூடமும் திறக்காது. ஆனாலும் நாங்கள் சீட்டை மறுபடி கழற்றி எடுத்துக்கொண்டு போனபோது மாஸ்டர் சாவியோடு வந்து காத்திருந்தார். மணல் கதையைக் கேட்டதிலிருந்து அவருக்கும் ஆர்வம். அடியில் புது ஸ்பிரிங், அதன்மேல் கெட்டி ஸ்பாஞ்ச், நடுவெலும்பு படும் இடத்தில் ஒரு குழி, தொடை படும் இரண்டு பக்கமும் சிறிய மேடு, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லியதாக ஒரு மெத்து. முதல் தடவை குழி தள்ளிப்போய்விட்டது. தைத்ததைப் பிரித்தார்கள். மறுபடி வெட்டியபோது அம்மா ஏதோ ஜாக்கெட் கழுத்து வெட்டுவதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டினாள். இந்தத் தடவை பைப்பிங் வைக்கவில்லை.

அந்தச் சீட் வந்தபிறகு அப்பாவுக்கு இடுப்பு வலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்ச நாளில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தார், செருப்பைத் தானே மாட்டிக்கொண்டார். எனக்கு அந்த வேலை போனதில் வருத்தம்தான். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் மற்ற டிரைவர்கள் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகச் சீட்டைக் கழற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மணல் மேட்டில் உட்கார அவர்களும் கூச்சப்பட்டார்கள். அம்மா யாரையும் விடவில்லை. இப்போது அரியலூரில் ரோட்டோரம் அவளுக்குக் குஷன் கடை இருக்கிறது. குலுக்கலைக் காற்றால் தாங்கும் ஏர் சீட் வைத்த வண்டிக்காரர்கள்கூட வருகிறார்கள்.

சீட்டைப் பிரித்துத் திரும்பத் தைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லாரி நின்ற இடத்துக்கு நாங்கள் சீட்டோடு போனோம். அப்பா அதைப் பொருத்தி போல்ட்டை முறுக்கிவிட்டுக் கீழே இறங்கியதும், அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேபினுக்குள் ஏறினாள். அத்தனை வருஷத்தில் அவள் அந்த லாரியில் ஏறி நான் பார்த்ததில்லை. சீட்டில் உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. முன் கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. அதன் வழியாக அவள் எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பசி. போகலாம் வா என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. அப்பாவாவது கூப்பிடுவார் என்று பார்த்தால், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பின்டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா என்னப்பா பண்ணுது?"

"சும்மா இரு. உக்காரட்டும்."

தையல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் கை தையல் மேல் இல்லை. இரண்டு கையும், அப்பா பிடிப்பதுபோலவே, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன.