எந்த பேட்ச்?

எனக்கு அவளைப் பார்த்தாலே எரியும். இதை மறைத்துவிட்டு எழுதினால் மீதி எதுவும் உண்மையாக இருக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெடுதல் செய்கிறவளாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லித் திட்டியாவது ஆறியிருப்பேன்.

ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஏசி அறை, ஒரு மேனேஜர், காண்ட்ராக்டில் நான். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் கையெழுத்துப் போட்டு ஆறு வருடம் ஓட்டியிருந்தேன். ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். பர்மனென்ட் ஆனவர்களின் அடையாள அட்டைக்கு நீல நாடா, எங்களுக்குப் பச்சை. கேன்டீனில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, நாடாவைத்தான் பார்ப்பார்கள். அந்த வருடம் எங்கள் அறைக்கு ஒரு பர்மனென்ட் இடம் வரப்போவதாகப் பேச்சு. ஒன்றே ஒன்று. அது எனக்குத்தான் என்று தோசை ஊற்றுகிறவர் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளும் அதே பச்சை நாடாவோடு வந்து சேர்ந்தாள்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். படப்பையில் லேடீஸ் ஹாஸ்டல். என்னைவிட ஐந்து வயது சின்னவள். வந்த முதல் வாரமே ஒவ்வொரு லைனாகப் போய், ஆபரேட்டர்களிடம் எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்று பேசிவிட்டு வந்தாள். இரண்டாவது மாதம் என்னிடமே போனில், “அந்தத் தங்கச்சிய கொஞ்சம் அனுப்புமா” என்று கேட்டார்கள். ஆறு வருடமாக மவுஸ் நகரவில்லை என்றால்கூட ஓடியவள் நான். ஒருத்தரும் என்னை அக்கா என்றும் கூப்பிட்டதில்லை, தங்கச்சி என்றும் கூப்பிட்டதில்லை. ‘கம்ப்யூட்டர்காரம்மா’தான்.

எங்கள் லைன்களில் ஆள் நிற்கிற இடத்துக்கு எல்லாம் முன்னால் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். பிரவுசரைத் திறந்தால், எந்த போல்ட்டை முதலில் முடுக்க வேண்டும், வாஷர் எந்தப் பக்கம் என்று அசைகிற படமாகக் காட்டும். அந்தப் படம் ஓடுவதற்கு, பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற பிளகின் என்கிற குட்டி மென்பொருள் வேண்டும். அதை நாங்கள் போடவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தோடேயே கட்டிக்கொண்டு வந்தது. தனியாகக் கழற்றிப் போடவும் முடியாது. அதில் ஓட்டை கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள், அந்த ஓட்டை வழியாக வெளி ஆள் உள்ளே நுழைந்துவிடலாம் என்று மாதாமாதம் அதை அடைக்கிற அப்டேட் வரும். அதுவும் சிஸ்டத்தின் அப்டேட்டோடு சேர்ந்தே வரும். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் லைன் லைனாகப் போய் அதைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, படம் ஓடுகிறதா என்று நின்று பார்ப்பது என் வேலை. எந்தப் பெட்டி எவ்வளவு நேரம் முக்கும் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

கடைசியில், அடைத்து மாளாது என்று அந்தப் பிளகினைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள். இனி வரப்போகிற அப்டேட் ஓட்டையை அடைக்காது, பிளகினையே பிடுங்கி எறிந்துவிடும் என்று தெரிந்தது. நான் மேனேஜரிடம், அப்டேட்டையே நிறுத்தி வைத்துவிடலாம் சார் என்றேன்.

“வேண்டாம் சார்” என்றாள் அவள். “ஓட்டையோட வச்சிருந்தா என்னைக்காவது மொத்தமா மாட்டிக்கிடுவோம். அந்தப் படம் எல்லாத்தையும் நான் புதுசா மாத்தித் தாரேன்.”

மாற்றியும் தந்தாள். பிளகினே தேவைப்படாத வீடியோவாக மூன்று லைனுக்கு முடித்தாள். மேனேஜர் பெரிய அதிகாரிகளைக் கூட்டி வந்து காட்டினார். நானும் பின்னால் நின்று கைதட்டினேன். வயிறு எரிந்துகொண்டே கை தட்டினால் சத்தம் எப்படி வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவளோடு ஒரு சொல்லும் வந்தது. நாங்கள் அப்டேட் என்போம், அவள் பேட்ச் என்பாள். ஓட்டையை அடைக்கிற ஒட்டு என்று அர்த்தம். லைனில் பேட்ச் என்றால் வேறு, ஒரே ஓட்டமாகச் செய்து இறக்குகிற உருப்படிகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து வேறு வேறு, ஒன்று P, இன்னொன்று B. தமிழில் எழுதினால் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். இந்த வில்லங்கம் எனக்கு முதல் நாளே தோன்றியது. சொல்லியிருக்கலாம். படித்த மேதாவி, அவளே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிடுங்குகிற அப்டேட்டைப் போடுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியத்தைக் குறித்தார்கள். மூன்று லைன் தயார். நாலாவது லைனின் வீடியோ மட்டும் முடியவில்லை. அவள் மூன்றாவது லைனில் நின்றபடி, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசி, அதையே எழுத்தாக்கி, எல்லாரும் இருக்கிற குரூப்பில் தமிழில் ஒரு செய்தி போட்டாள். ‘நாலாவது லைனில் இன்றைக்கு பேட்ச் போட வேண்டாம். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.’ அது எனக்கான செய்தி. நாலாவது லைனுக்குப் போக வேண்டியவள் நான்தான்.

நான் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். அடுத்த நிமிடம் அந்த லைன் சூப்பர்வைசரின் பதில் வந்தது. ‘சரிம்மா. நிறுத்திட்டேன்.’

அவர் எதை நிறுத்துவார்? அவர் கையில் இருப்பது லைன் ஒன்றுதானே. படித்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. அவள் போனைப் பையில் போட்டிருப்பாள், பார்த்திருக்க மாட்டாள். ‘அண்ணே, லைனை ஓட்டுங்க’ என்று நான் ஒரு வரி தட்டியிருந்தால் போதும். தட்டவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். புளிசாதம். என்றைக்கும் இல்லாத ருசியாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு வெட்கமாக இல்லை.

முக்கால் மணி நேரம் லைன் நின்றது. மறைமலை நகருக்குப் போக வேண்டிய லாரி பாதிச் சரக்கோடு வாசலில் நின்றது. அதற்குப் பிறகு கேட்ட கத்தலில் எங்கள் அறைக் கண்ணாடியே அதிர்ந்தது. மேனேஜர், சூப்பர்வைசர், அவள், நான் என நாலு பேரும் அறையில் நின்றோம்.

“பேட்ச் போடாதன்னு போட்டுகீது சார்” என்றார் சூப்பர்வைசர். “தமிழ்லதான கீது, நீங்களே படிங்க. வேற இன்னா நெனைக்கிறது? லைன நிறுத்திட்டு ஆளுங்கள ஒக்கார வெச்சிட்டேன்.”

“தப்பு எம்மேலதான் சார்” என்றாள் அவள். “நான் பாத்து எழுதிருக்கணும்.”

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தொலைந்தாள் என்று நினைத்தேன். நீல நாடா கழுத்தில் விழுந்துவிட்ட மாதிரியே இருந்தது. அப்போது மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க இந்த மெசேஜைப் பார்த்தீங்களா?”

இல்லை என்று சொல்ல வழியில்லை. யார் எப்போது பார்த்தார்கள் என்று போனே காட்டிக் கொடுக்கும். “பார்த்தேன் சார்.”

“இவர் நிறுத்திட்டேன்னு போட்டதையும்?”

“பார்த்தேன் சார்.”

“உங்களுக்கு என்ன புரிஞ்சுது?”

“பேட்ச்னுதான் சார்.”

“எந்த பேட்ச்?”

அப்டேட் என்று புரிந்தது என்றால், ஏன் சும்மா இருந்தாய் என்பார். லைன் என்று புரிந்தது என்றால், நான் ஒன்றும் தெரியாதவள். பொறாமைக்காரியா, முட்டாளா என்று ஒரு நொடிக்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

“நானும் லைன் பேட்ச்னுதான் நெனச்சேன் சார்” என்றேன்.

“பாத்தீங்களா சார், அவங்களே அப்பிடித்தான் நெனச்சிகிறாங்க” என்று சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆறு வருஷமா இந்த ரூம்ல இருக்கீங்க” என்றார்.

மறுமாதம் அவள் கழுத்தில் நீல நாடா. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் காரணமும் சொன்னார். எழுதுவதில் தப்பு செய்கிறவர்களைத் திருத்திவிடலாம், விஷயமே தெரியாதவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். அடிப்படையை அவளிடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், அடுத்த கையெழுத்துக்கு முன்னால் கேள்வி கேட்டுப் பார்ப்பேன் என்றும் சொன்னார்.

அன்று மதியமே அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு புதிய நோட்டு வாங்கி வந்திருந்தாள். கேலி செய்கிறாளா என்று முகத்தைத் துருவிப் பார்த்தேன். கேலி இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள். எனக்காகக் கூச்சப்பட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“பேட்ச்னா ஒண்ணும் பெரிய விஷயம் இல்லக்கா. பிஞ்ச துணிக்கு ஒட்டுப் போடுவோம்லா, அது மாதிரிதான். மொதல்ல பிளகின்னா என்னன்னு சொல்லுதேன். அது பிரவுசருக்குள்ள தனியா ஒரு வேலை பாக்குறது. சிலது சிஸ்டத்தோட சேந்தே வந்துரும்...”

நோட்டில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் இன்னொரு கட்டம் போட்டாள். ஆறு வருடம் மாதம் தவறாமல் நான் செய்த வேலையை எனக்கே படம் போட்டுக் காட்டினாள். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்திவிடுவாள். சொன்னால் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

“புரியுதாக்கா? இல்ல, இன்னொருக்கா மொதல்லருந்து சொல்லட்டுமா?”

“சொல்லு” என்றேன்.