விரிசலை எடுத்த படம்

மழைக்குப் பிறகு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சித்தியின் வீட்டுச் சுவர் பிளந்தது. நான் போனில் எடுத்த படம் புள்ளி புள்ளியாக மங்கியிருந்தது. "இது சுண்ணாம்புக் கறை" என்று தோட்டத்து மேலாளரான துரை அதைத் தள்ளிவிட்டார். எனக்குக் கொதித்தது.

மறுநாள் கேமராவில் புள்ளி அதிகம் தெரியாத கறுப்பு வெள்ளை பிலிமைப் போட்டேன். மூடுபனியில் வெளிச்சம் போதவில்லை. குறைந்த வெளிச்சத்திலும் பதியும்படி பிலிமின் வேகத்தை கேமராவில் இரட்டிப்பாக வைத்து எடுத்து, அதை ஈடுகட்டப் பிலிமை டெவலப்பர் கரைசலில் கூடுதலாக மூன்று நிமிடம் விட்டேன். கரைசல் கலக்கும் முன்பே குளிர்ந்த தண்ணீரை அளவாகச் சுடவைத்திருந்தேன். அதிகம் குலுக்கினால் புள்ளி தடித்துவிடும் என்று பிலிம் டப்பாவை மெதுவாகவே புரட்டினேன். படத்தில் சாம்பல் நிறச் சுவரின் நடுவே விரிசல் கன்னங்கரேலென்று கூரையிலிருந்து தரைவரை ஓடியது.

சித்தியோடு போய்க் காட்டினேன். துரை ரசித்துப் பார்த்தார்.

"அருமையா எடுத்திருக்கீங்களே! பெருசா போட்டுத் தாங்க, ஆபிஸ்ல மாட்டுவோம்."

"மாட்டுறதுக்கு இல்லீங்க சேர். அந்தச் சொவத்துக்குக் கீழதான் எங்க புள்ளைங்க படுக்குதுங்க" என்றார் சித்தி.

"பார்ப்போம்."

படத்தைத் துரையின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அன்றே சித்தி வீட்டுச் சாமான்களை நாங்களே கோயில் மண்டபத்துக்குத் தூக்கிப்போனோம். சுவரைப் பார்க்கத் துரை இன்னும் வரவில்லை. படத்தைக் கேட்டு மட்டும் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.