மகளிடம் நான் கேட்ட கேள்வி

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. செஞ்சி கடைத்தெருவில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். படித்தது ஐந்தாவது வரைதான். நாலு பேர் முன்னால் பேச எனக்கு நாக்கு எழாது. மகள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள்.

அந்த வருடம் புதிதாக வந்த பேராசிரியை தன் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு வைக்கவில்லை. மாணவர்கள் படித்ததைப் பெற்றோர் முன்னால் விளக்க வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். மகளுக்கு வந்த தலைப்பு மின்மோட்டார். கடையை மூடிவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

மகள் படம் வரைந்து அழகாகச் சொன்னாள். கேள்வி கேட்க யாரும் எழவில்லை. பேராசிரியை என்னைப் பார்த்து, "மோட்டார் வேலை செய்றவர் நீங்கதானே? கேளுங்க" என்றார். இருபது வருட சந்தேகம் வாயில் வந்துவிட்டது. மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் போய்விட்டால் அது உறுமிக்கொண்டே நிற்கும், கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் ஓடும். "அது இன்னாத்துக்கு அப்படி?" என்று கேட்டேன்.

மகள் தான் வரைந்த படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தெரியல" என்றாள். "சொந்த நைனாவே கவுத்துட்டாருடா" என்று பையன்கள் சிரித்தார்கள். பேராசிரியை நோட்டில் ஏதோ எழுதினார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மகள் என் பக்கம் திரும்பினாள். "வேற யாரும் கேக்கல. நீதான் நைனா கேட்ட. நான் ஃபெயிலானா உனக்கு சந்தோஷமா?"

ஐந்தாவதில் ஃபெயில் ஆனதோடு நின்றது என் படிப்பு. இவள் படிப்பை நானே கெடுத்துவிட்டேனோ? மறுநாள் அவளுக்குத் தெரியாமல் கல்லூரிக்குப் போனேன். பேராசிரியை அறை வாசலில் அரைமணி நேரம் நின்றபிறகுதான் உள்ளே போக தைரியம் வந்தது.

"தப்பு என்னுதுங்கம்மா. பாடத்துல இல்லாதத கேட்டுட்டேன். அவ மார்க்க கொறச்சிடாதீங்க."

அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். மகள் பெயருக்கு எதிரே மார்க்கே இல்லை. 'நல்ல கேள்வி. பதிலோடு திரும்ப வரவும்' என்று எழுதியிருந்தது.

"இதுல மார்க்கும் இல்ல, ஃபெயிலும் இல்லங்க. தெரிஞ்சுகிட்டு எத்தனை தடவ வேணா வந்து சொல்லலாம். எல்லாரும் பேசி முடிச்சதும் இத சொல்லலாம்னு இருந்தேன், நீங்க அதுக்குள்ள பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க" என்று சிரித்தார்.

வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பேராசிரியை அவளிடமும் சொல்லியிருக்கிறார்; பத்து நாள் கழித்து மகள் பதிலோடு கடைக்கு வந்தாள். "கரண்ட்டு ரெண்டு பக்கமும் சமமா தள்ளுது நைனா. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்குது. நீ சுத்திவிட்டா அந்தப் பக்கமே ஓடுது. கண்டென்சர் செய்றதும் அதான். புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சுது."

"உனக்கே புரிஞ்சுட்டா நான் பாஸ்" என்றாள். அடுத்த வாரம் அவள் விளக்கியதைக் கேட்டுவிட்டுப் பேராசிரியையும் 'பாஸ்' என்றே சொன்னார்.

பதில் தெரியாமல் நின்ற பிள்ளையைத் திரும்ப வரச்சொல்லும் படிப்பும் ஒன்று இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம், இன்றும் என் நெஞ்சு லேசாகிறது.